பக்ஸ்கின் கல்ச்: எங்கோ பெய்யும் மழையைக் கணக்கிட்டு நடக்க வேண்டிய பள்ளத்தாக்கு

அமெரிக்காவில் உட்டா, அரிசோனா எல்லையை ஒட்டிய பாலைநிலத்தில் கிடக்கிறது பக்ஸ்கின் கல்ச். உலகின் மிக நீளமான பிளவுப் பள்ளத்தாக்குகளில் (slot canyon; ஆழமான, மிகக் குறுகலான பாறைச் சந்து) ஒன்று என்றாலும், கிராண்ட் கேன்யனைத் தெரிந்தவர்களில் பலர் இதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. நவாஹோ மணற்பாறையை வெள்ளம் அறுத்து அறுத்து உண்டாக்கிய சந்து இது. சுவர்கள் 100 மீட்டருக்கு மேல் எழும்பும். சில இடங்களில் கையை விரித்தால் இரண்டு பக்கமும் முட்டும். வயர் பாஸ் என்ற நடைபாதைத் தொடக்கத்தில் இறங்கி, பாரியா ஆற்றைத் தொட்டதும் எதிர்நீரில் மேலேறி ஒயிட் ஹவுஸ் என்ற நடைபாதை முனையில் வெளியே வந்தால் ஏறத்தாழ 33 கி.மீ.

இங்கே முதல் ஆபத்து வெள்ளம்தான். மேட்டில் பெரும்பகுதி வெறும் பாறை; விழும் மழையை உறிஞ்ச மண் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 சதுர கி.மீ. பரப்பில் 10 மி.மீ. மழை பெய்து, அதில் பாதி ஓடி வந்தாலே 50 கோடி லிட்டர். அது 3 மணி நேரத்தில் வடிந்தால் நொடிக்கு சுமார் 46,000 லிட்டர். 60 மீட்டர் அகலமான மணல் ஓடையில் அது முழங்கால் அளவுதான். அதே நீர் 3 மீட்டர் அகலச் சந்துக்குள் நுழைந்தால், நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாய்ந்தாலும் ஆழம் 4 மீட்டரைத் தொடும். நிமிர்ந்து பார்த்தால், தலைக்கு வெகு உயரத்தில் சுவருக்குச் சுவர் மரக்கட்டைகள் செருகிக் கிடக்கும். அவற்றை அங்கே கொண்டுபோய் வைத்தது தண்ணீர்.

1997 ஆகஸ்ட் 12 அன்று, இதே வட்டாரத்தில் உள்ள ஆண்டெலோப் கேன்யனில் 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. ஆகவே தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல. நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்குமான முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை தெற்கு உட்டாவுக்குத் திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு படிகளாக வெளியிடுகிறது. மிகக் கீழ்ப்படி தவிர வேறு எது வந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை பருவமழைக் காலம், அப்போது வேண்டவே வேண்டாம். மே, ஜூன் தொடக்கம் நல்லது. வழியில் மேலேறித் தப்ப மிடில் ரூட் என்ற ஒரே ஒரு இடம் உண்டு. அதற்கும் கைகால் ஊன்றிப் பாறை ஏற வேண்டும். வெள்ளம் வரும்போது அது பக்கத்தில் இருக்கும் என்று நம்பித் திட்டமிடக் கூடாது.

மணலும் உருளைக்கல்லும் நிறைந்த தரையில் மணிக்கு இரண்டரை கி.மீ. போவதே பெரிது. அப்படியானால் 13 மணி நேரம், எனவே இரண்டு நாள். உள்ளே இரவு தங்க ஒரு நாளைக்கு 20 பேருக்குத்தான் அனுமதி. மலத்தைப் பையில் கட்டி வெளியே எடுத்துவர வேண்டும். வயர் பாஸுக்குப் போகும் மண்சாலை களிமண், நனைந்தால் வண்டி புதைந்துவிடும்.

வெயில் எட்டாத குட்டைகளில் மாதக்கணக்கில் சேற்றுநீர் தேங்கியிருக்கும். வெளியே கொளுத்தினாலும் இடுப்பளவு நீர் சில்லிட்டு உடல்சூட்டை இழுக்கும். மாற்று உடையை நீர்புகாப் பையில் வையுங்கள். கோலால் ஆழம் பார்த்த பிறகே கால் வையுங்கள். பாரியா ஆற்றோடு சேரும் சங்கமத்துக்குச் சற்று முன் பெரும்பாறைகள் வழியை அடைத்திருக்கும். ஒவ்வொரு வெள்ளமும் அந்த அடைப்பை மாற்றிப் போடுவதால், போன ஆண்டுக் குறிப்பு பயன்படாது. ஏற்கெனவே தொங்கும் கயிற்றை நம்பாமல் 15 மீட்டர் கயிறு கொண்டுபோங்கள்.

பக்ஸ்கினுக்குள் நம்பத்தகுந்த குடிநீர் இல்லை. ஆளுக்கு 6 லிட்டர் சுமக்க வேண்டும். பாரியா ஆற்றுநீர் டீ நிறத்தில் வரும், வடிகட்டியில் நேராக ஊற்றினால் சில நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். 4 லிட்டருக்குக் கால் தேக்கரண்டி படிகாரத் தூள் கலக்கி அரைமணி நேரம் வையுங்கள். எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி மிதக்கும் களிமண் துகள்கள், அலுமினிய அயனிகள் சேர்ந்ததும் திரிந்து அடியில் படியும். நம் ஊரில் தேற்றாங்கொட்டையை உரசிக் கலங்கலைத் தெளியவைப்பதும் இதே துகள்களைத் திரட்டித்தான். தெளிந்த நீரை மட்டும் இறுத்து வடிகட்டுங்கள்.

படுக்குமுன் சுவரைப் பாருங்கள். சுள்ளியும் காய்ந்த புல்லும் ஒட்டிய கோடு ஒன்று தெரியும். அதற்கு மேலே உள்ள மணல் திட்டில் கூடாரம் போடுங்கள்.