நெருக்கடிக் கொள்முதல்

மொரீசியஸில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண் ஒருத்தி தான் மொழிபெயர்த்த தாளை வாசித்தாள். தலைப்பு, "அவசரக் கொள்முதல் விதிகள்". ஆங்கிலத்தில் 'எமர்ஜென்சி புரொக்யூர்மென்ட்' என்பதைத்தான் அப்படித் தமிழாக்கியிருந்தாள். முன்வரிசைப் பையன் ஒருவன், "டீச்சர், அவசரப்பட்டு வாங்குறதுக்குக்கூட விதி இருக்கா?" என்று கேட்டான். சரியான கேள்வி. எத்தனை தடவைதான் இந்தத் தொடரைக் கேட்பது!

எமர்ஜென்சி என்பதன் இலத்தீன் வேருக்கு 'நீரிலிருந்து மேலெழுவது' என்று பொருள். எதிர்பாராமல் தலைதூக்கும் இடர் என்ற பொருள் பிறகு வந்தது. அவசரம் வடசொல். அங்கே அது 'தக்க தருணம்'. இந்தியில் இன்றும் அப்படித்தான். தமிழில் அது பதற்றமான விரைவாகிவிட்டது. வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை, பொருள் பிசகுகிறது என்றுதான் சொல்கிறேன். "அவசரத்துல அண்டாவுக்குள்ளகூட கை போகாது" என்கிறோமே, அந்தச் சொல்லைக் கொண்டு பொதுப்பணச் செலவுக்கு எப்படிப் பெயர் வைப்பது?

மொரீசியஸின் 2006 பொதுக் கொள்முதல் சட்டத்தில் 21ஆம் பிரிவைப் பாருங்கள். டெண்டர் போட்டி இல்லாமல் ஒரே வியாபாரியிடம் வாங்கலாம். ஆனால் பேரிடர் வந்திருக்க வேண்டும் அல்லது வரும் அபாயம் இருக்க வேண்டும், உயிருக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்து இருக்க வேண்டும், அல்லது பொதுக் கட்டடமோ கருவியோ கெட்டுப்போகும் நிலை இருக்க வேண்டும். இப்படிச் சில காரணங்கள்தான். அந்த இடர் தீரும் வரைக்குமே சலுகை. 2024 ஜனவரியில் இங்கே பெலால் புயல் அடித்தது. அப்படியொரு புயலில் ஆய்வகக் கூரை பெயர்ந்து, நுண்ணோக்கிகள் மேல் மழை ஒழுகினால் அது நெருக்கடி. அரசின் நிதியாண்டு ஜூன் 30இல் முடிகிறதே என்று கடைசி வாரத்தில் கணினி வாங்க ஓடினால் அது அவசரம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், திட்டமிடாதவர் தன் பதற்றத்தைச் சட்டச் சலுகையாகக் காட்டலாம்.

இந்தக் குழப்பத்துக்கு நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. பிரெஞ்சில் 'உர்ழான்ஸ்' என்ற ஒரே சொல் நெருக்கடி, அவசரம் இரண்டையும் சேர்த்தே சுமக்கிறது. பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு காதில் விழுவதில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் அதைக் கவனிக்க வேண்டாமா? அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

'அவசரகாலக் கொள்முதல்' என்று சிலர் திருத்துகிறார்கள். வாயில் இரண்டு நாள் புழங்கினால் அந்தக் 'கால' உதிர்ந்துவிடும், பழைய பிழை அப்படியே நிற்கும். நெருக்கடி என்றால் பணமுடையும் ஆகுமே என்று கேட்கலாம். அந்தப் பொருளுக்குப் 'பண நெருக்கடி' என்று முன்னால் ஒரு சொல் சேர்த்துத்தானே பேசுகிறோம்? 1975இல் இந்தியாவில் அறிவித்ததைப் பலரும் நெருக்கடி நிலை என்றே எழுதுகிறார்கள். மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவை நான் தொடமாட்டேன். அங்கே விரைவுதான் வேலையே.

அந்தப் பெண் தலைப்பை அடித்து, "நெருக்கடிக் கொள்முதல் விதிகள்" என்று திருத்தினாள். ஜூன் மாதக் கணினி பற்றிய வரியில் மட்டும் 'அவசரம்' என்பதை அப்படியே விடச் சொன்னேன்.