ஐ-140 ஒப்புதல் வந்த பிறகும் விசா ஏன் வரவில்லை: அமெரிக்கா செல்லக் காத்திருக்கும் செவிலியர்களுக்கு

வெளிநாட்டுப் பணிக்குச் செல்லும் செவிலியர்களின் ஆவணங்களைச் சரிபார்த்துத் தருவது என் தொழில். ஐ-140 மனுவுக்கு, அதாவது வேலை தரும் மருத்துவமனை உங்களுக்காக அமெரிக்கக் குடிவரவுத் துறையிடம் போடும் மனுவுக்கு, ஒப்புதல் கிடைத்ததும், இப்போது பார்க்கும் வேலையை எந்த மாதத்தில் விடலாம் என்ற கேள்வியோடு வருகிறவர்களே இங்கு அதிகம். அந்த ஒப்புதலுக்கு ஒரு வரம்பு உண்டு. வேலை தர முன்வந்த மருத்துவமனை உண்மையானது, அந்த வேலைக்குரிய தகுதி உங்களுக்கு இருக்கிறது என்பதை அமெரிக்கக் குடிவரவுத் துறை ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. விசா எண், அதாவது ஆண்டு ஒதுக்கீட்டில் உங்களுக்கான ஓர் இடம், எப்போது கிடைக்கும் என்பது தனிக் கணக்கு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்தக் கணக்கு இன்றைய நிலையில் பத்து ஆண்டுகளைத் தாண்டுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் நாளில் இதைத் தெளிவாகச் சொல்லும் ஏஜென்சிகள் குறைவு என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கணினித் துறையினர் செல்லும் எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசா வழி, செவிலியர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பயன்படாது. குறிப்பிட்ட துறையில் இளங்கலைப் பட்டமாவது இருந்தே தீர வேண்டும் என்ற பணிகளுக்கே அந்த விசா உரியது. அமெரிக்காவிலோ இரண்டாண்டு நர்சிங் படிப்பை முடித்தவர்களும் என்கிளெக்ஸ் என்னும் செவிலியர் உரிமத் தேர்வில் வென்று பதிவுபெற்ற செவிலியராகிவிட முடியும் என்பதால், சாதாரண வார்டு பணி அந்த வரையறைக்குள் வருவதில்லை. நீங்கள் பி.எஸ்சி. நர்சிங் படித்திருப்பது இதை மாற்றாது. அந்த வேலைக்குப் பட்டம் கட்டாயமா என்பதுதான் கேள்வி. ஆகவே மீதமிருப்பது நிரந்தரக் குடியிருப்பு உரிமை தரும் ஈ.பி.-3, அதாவது வேலை அடிப்படையிலான விசாக்களின் மூன்றாம் பிரிவு. இதில் செவிலியர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் துறை ஆள் பற்றாக்குறை உள்ள பணிகளென அறிவித்து வைத்திருக்கும் ஷெட்யூல் ஏ பட்டியலின் முதல் பிரிவில் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். அதனால், உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என்று விளம்பரம் கொடுத்து நிரூபிக்கும் வேலை மருத்துவமனைக்கு இல்லை. அந்த வட்டாரத்தில் நிலவும் ஊதியம் எவ்வளவு என்பதைத் தொழிலாளர் துறையிடம் தீர்மானித்து வாங்கி, பணியிடத்தில் பத்து வேலைநாள் அறிவிப்பு ஒட்டி, உரிய இடைவெளிக்குப் பின் ஐ-140 மனுவை நேரடியாகத் தாக்கல் செய்யலாம். ஊதியத் தீர்மானத்துக்கே பல மாதங்கள் ஆகின்றன. அந்த மனு பெற்றுக்கொள்ளப்பட்ட நாள்தான் உங்கள் முன்னுரிமைத் தேதி, அதாவது ஏஜென்சிக்காரர்கள் ‘பிரயாரிட்டி டேட்’ என்று சொல்வது. சலுகை அத்தோடு முடிந்துவிடுகிறது. வரிசையில் செவிலியருக்குத் தனி இடம் எதுவும் இல்லை.

வரிசையின் அளவை 1990-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் வகுத்தது. வேலை அடிப்படையிலான குடியேற்ற விசாக்கள் ஓராண்டுக்கு 1,40,000. அவற்றில் 28.6 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 40,000, ஈ.பி.-3 பிரிவுக்கு. எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது மற்றொரு வரம்பு. வேறு நாட்டவர் பயன்படுத்தாமல் விட்டவை வந்து சேராவிட்டால், ஈ.பி.-3 பிரிவில் இந்தியாவுக்குக் கிடைப்பது ஆண்டுக்குச் சுமார் 2,800 எண்கள்தான். அதிலும் கணவர், மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கழிகிறது. நால்வர் கொண்ட ஒரு குடும்பம் நான்கு இடங்களை எடுத்துக்கொள்கிறது. இந்தச் சிறிய பங்குக்குத்தான் ஏற்கெனவே அமெரிக்காவில் இருக்கும் இந்தியப் பொறியாளர்களும் கணக்காளர்களும் உங்களோடு சேர்ந்து காத்திருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் செவிலியர் பற்றாக்குறை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் இந்த எண்கள் தாமாகக் கூடுவதில்லை. ‘அங்கே ஆள் தேவை அதிகம், ஆகவே விசா சீக்கிரம் வந்துவிடும்’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தேதி இருக்கும். உங்கள் முன்னுரிமைத் தேதி அதற்கு முந்தையதாக இருந்தால் மட்டுமே விசா வழங்க முடியும். புல்லட்டினில் உள்ள இரண்டு அட்டவணைகளில், ஆவணம் தாக்கல் செய்வதற்கான அட்டவணையைப் பார்த்துவிட்டு முறை வந்துவிட்டதாக மகிழ்கிறவர்கள் உண்டு. விசா வழங்கப்படுவது இறுதி நடவடிக்கைத் தேதி அட்டவணைப்படிதான். 2025-ஆம் ஆண்டின் பெரும்பகுதியில் இந்தியாவுக்கான ஈ.பி.-3 இறுதித் தேதி 2013-ஆம் ஆண்டுக்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருந்தது. அதே காலத்தில், தனி வரிசை இல்லாத பிற நாடுகளுக்கு அது 2022-ஆம் ஆண்டின் இறுதிக்கும் 2023-ஆம் ஆண்டுக்கும் வந்திருந்தது.

இந்தத் தேதி முன்னோக்கி மட்டுமே போகும் என்றும் எண்ண வேண்டாம். பெருந்தொற்றுக் காலத்தில் தூதரகங்கள் மூடிக்கிடந்ததால் பயன்படாமல் போன குடும்பப் பிரிவு எண்கள் வேலைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தன; 2021 நிதியாண்டில் சுமார் 2,62,000, 2022-இல் சுமார் 2,81,000 என ஒதுக்கீடு வீங்கியது. இந்திய ஈ.பி.-3 தேதி 2021-இல் 2014 ஜனவரி வரை எட்டியது. அந்த வேகத்தைக் காட்டித்தான் பல ஏஜென்சிகள் அந்நாட்களில் ஆள் சேர்த்தன. உபரி தீர்ந்தபின், 2023 ஜூலை புல்லட்டினில் அதே தேதி 2009 ஜனவரி 1-க்குப் பின்வாங்கியது. அதற்கு இரண்டு மாதம் முன்பே பிற நாடுகளுக்கும் 2022 ஜூன் 1 என்று தேதி நிர்ணயிக்கப்பட்டதால், தடையின்றிச் சென்றுகொண்டிருந்த பிலிப்பைன்ஸ் செவிலியர்களும் காத்திருப்புக்கு வந்துசேர்ந்தார்கள். அமெரிக்க நிதியாண்டு அக்டோபரில் தொடங்கிச் செப்டம்பரில் முடிவதால், கடைசி மாதங்களில் எண்கள் தீர்ந்துபோவது புதிதல்ல. 2005-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பயன்படாத எண்களில் 50,000-ஐ மீட்டு ஷெட்யூல் ஏ பணியாளர்களுக்கு ஒதுக்கியது. அடுத்த ஆண்டுக்குள் அவை தீர்ந்துவிட்டன. செவிலியருக்கு 25,000 எண்களை மீட்டுத் தரும் மசோதா 2020 முதல் பலமுறை முன்வைக்கப்பட்டும் நிறைவேறவில்லை. மசோதாவை நம்பி நாட்டில் வீட்டையும் வேலையையும் விடுவது சரியென்று நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

வரிசையைத் தீர்மானிப்பது குடியுரிமை அல்ல, பிறந்த நாடு. துபாயில் பத்தாண்டுகள் பணிபுரிந்தாலும், இங்கிலாந்துக் குடியுரிமை பெற்றுவிட்டாலும், தஞ்சாவூரில் பிறந்தவர் இந்திய வரிசையில்தான் நிற்பார். இதே விதி சிலருக்கு வாசலைத் திறந்தும் விடுகிறது. பெற்றோர் குவைத்திலோ மஸ்கட்டிலோ வேலை பார்த்தபோது அங்கே பிறந்தவர், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், பிற நாடுகளின் வரிசைக்கு உரியவர். திருமணமானவர் தம் துணையின் பிறந்த நாட்டையும் கோரலாம்: மலேசியாவிலோ, சிங்கப்பூரிலோ, யாழ்ப்பாணத்திலோ பிறந்த கணவர் இருந்தால், இருவரும் சேர்ந்து குடியேறும் நிலையில், அவருடைய நாட்டின் தேதியே மனைவிக்கும் பொருந்தும். பிள்ளையின் பிறந்த நாட்டைப் பெற்றோர் கோர முடியாது. விண்ணப்பத்தில் கணவரின் பிறந்த ஊரைக் கவனிக்காமல் இந்திய வரிசையிலேயே விட்டுவைத்த கோப்புகள் என் கைக்கு வந்திருக்கின்றன. ஆகவே எந்தக் கோப்பிலும் முதலில் நான் கேட்பது குடும்பத்தில் ஒவ்வொருவரின் பிறப்புச் சான்றிதழைத்தான்.

பணம் கட்டினால் வேகப்படுத்தலாம் என்ற பேச்சில் பாதி உண்மை இருப்பதால்தான் அது எடுபடுகிறது. பிரீமியம் பிராசஸிங் என்னும் கட்டணச் சேவை உண்மையில் உண்டு; அதைச் செலுத்தினால் ஐ-140 மனுவின் மேல் 15 வேலைநாட்களில் நடவடிக்கை வரும். அது மனுவுக்கு மட்டுமே. விசா வரிசையில் ஓர் அடிகூட நகர்த்தாது. பதின்வயதுப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு அது பாதகமாகவும் அமையலாம். இருபத்தொரு வயது நிறைந்த பிள்ளை பெற்றோரோடு செல்ல முடியாது. ஆனால் விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளைக்கு இருக்கும் வயதிலிருந்து ஐ-140 மனு நிலுவையில் கிடந்த நாட்களைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. மனு வேகமாக முடிந்தால் கழிக்கக் கிடைக்கும் நாட்களும் குறையும். இதை யோசிக்காமல் பணம் கட்டச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

வரிசை நீளமென்றால் எந்த ஆவணத்தை எப்போது எடுப்பது என்பதிலும் நிதானம் தேவை. என்கிளெக்ஸ் தேர்ச்சியும், உரிமம் பெறத் தகுதியுண்டு என்ற மாநில வாரியக் கடிதமும் ஐ-140 மனுவுக்குப் போதும். படிப்பு, உரிமம், ஆங்கிலத் திறன் ஆகியவற்றைச் சரிபார்த்துத் தரப்படும் விசா ஸ்கிரீன் சான்றிதழ் விசா வழங்கும் கட்டத்தில்தான் தேவை. அது ஐந்தாண்டுகளுக்கே செல்லும். அதை வழங்கிவரும் சி.ஜி.எஃப்.என்.எஸ். இப்போது ட்ரூமெரிட் என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது. இந்திய வரிசையில் புதிதாகச் சேர்ந்தவர் முதல் ஆண்டிலேயே அதற்குப் பணம் கட்டுவது வீண். மாறாக, படித்த கல்லூரியிலிருந்து மதிப்பெண் விவரங்களும் நர்சிங் கவுன்சிலிலிருந்து பதிவுச் சரிபார்ப்பும் அந்த நிறுவனத்துக்கு நேரடியாகச் செல்ல வேண்டியவை என்பதால், கல்லூரி இயங்கும்போதே அவற்றின் நகல்களைப் பெற்று வைப்பது நல்லது, மூடப்பட்ட ஜி.என்.எம். பள்ளிகளில் படித்தவர்கள் படும் அலைச்சல் பெரிது. வளைகுடா நாடுகளில் ஓராண்டுக்கு மேல் வசித்தவர் அந்நாட்டுக் காவல்துறைச் சான்றும் தர வேண்டியிருக்கும். ஊர் திரும்பிய பின் வெளியிலிருந்து அதைப் பெறுவது எளிதன்று. மருத்துவப் பரிசோதனையை மட்டும் நேர்முகத் தேதி கிடைத்த பிறகே செய்துகொள்ளுங்கள். அதன் முடிவு பொதுவாக ஆறு மாதத்துக்கே செல்லும்.

தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து, கவுன்சில் பதிவில் அப்பா பெயர் முழுதாக, திருமணத்துக்குப் பின் எடுத்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் குடும்பப் பெயராக என்று ஒருவருக்கே மூன்று வடிவங்கள் இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்களின் இயற்பெயர் அமெரிக்க விசாவில் குடும்பப் பெயர் இடத்துக்கு மாறி, முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகிவிடும். நேர்முகத்தில், விசாவை நிறுத்திவைக்கும் 221(ஜி) தாளோடு திரும்பியவர்களின் கோப்புகளில் இத்தகைய பொருத்தமின்மையை நான் அடிக்கடி காண்கிறேன். காலாவதியான விசா ஸ்கிரீனும் பழைய தேதியிட்ட வேலைக் கடிதமும் அடுத்த காரணங்கள். பெயர் சேர்க்கப்படாத பிறப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் பதிவு அலுவலகத்தில் இப்போதே பெயரைச் சேர்த்துக்கொள்ளட்டும். முறை வந்த மாதத்தில் இதற்கு அலைவது அந்த மாதத்தையே இழப்பதில் முடியக்கூடும். அடுத்த புல்லட்டினில் தேதி பின்வாங்காது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பத்தாண்டுகளில் மருத்துவமனை கைமாறலாம், ஒப்பந்தம் தந்த ஏஜென்சி மூடப்படலாம். ஒப்புதல் பெற்ற ஐ-140 மோசடிக்காகவோ பிழைக்காகவோ ரத்து செய்யப்படாத வரை, வேறு நிறுவனம் உங்களுக்காகப் புதிய மனு போடும்போது பழைய முன்னுரிமைத் தேதியையே கோரிப் பெறலாம். அதற்கு ஒப்புதல் கடிதத்தின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். அது நிறுவனத்துக்குரிய கடிதம், உங்களுக்குத் தர மாட்டோம் என்று மறுக்கும் ஏஜென்சியிடம் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் உறுதி கேளுங்கள். ஒப்பந்தத்தில் பணிக்காலம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது, இடையில் விலகினால் இழப்பீடு எவ்வளவு, விசா தாமதமானால் விலக உரிமை உண்டா என்ற மூன்றையும் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். நேர்முகத்துக்கு முன் ஆவணங்களைத் திரட்டும் அமெரிக்கத் தேசிய விசா மையத்திலிருந்து கடிதம் வந்தால் பதில் சொல்லாமல் கிடத்தவும் கூடாது. முறை வந்த பின் ஓராண்டுக்குள் நடவடிக்கை எடுக்காத கோப்பு முடித்துவைக்கப்படும். முகவரியும் மின்னஞ்சலும் மாறினால் தெரிவிக்காமல் விட்டவர்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள்.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் எந்த ஏஜென்ட்டும் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணைத் தேடிப் பார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும். லட்சக்கணக்கில் முன்பணம் கேட்டு, ரசீதும் தராமல், தேதியை முன்னுக்குக் கொண்டுவரத் தூதரகத்தில் ஆள் இருக்கிறது என்பவரைப் பற்றி இ-மைக்ரேட் தளத்திலேயே புகார் செய்ய முடியும். சென்னையில் 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வேறு நாடுகளுக்கான செவிலியர் வாய்ப்புகளை அவ்வப்போது அறிவிக்கிறது. அமெரிக்க மனுவை வரிசையில் நிற்கவிட்டு, இடைக்காலத்தில் அப்படி ஒரு நாட்டில் பணியாற்றச் செல்வதால் உங்கள் முன்னுரிமைத் தேதிக்கு எந்தப் பாதிப்பும் வராது.