அது கன்று இல்லை, மறுதாம்பு

இந்த வருடத்தில் இப்படி என்னிடம் வந்த மூன்றாவது அறிக்கை இது. உத்தராகண்டின் குமாவோன் மலையில் ஓக் மரக் காட்டைக் கணக்கெடுத்துவிட்டு, "இளங்கன்றுகள் ஏராளம், காடு நலம்" என்று முடித்திருந்தார்கள். எண்ணிக்கையைப் பார்த்ததுமே சந்தேகம். நேரில் போய்ப் பார்த்தால், எண்ணியதில் பாதிக்கு மேல் வெட்டிய கட்டையிலிருந்து வெடித்த துளிர்.

பாஞ்ச் என்று அங்கே சொல்லும் இந்த ஓக், மாட்டுத் தழைக்கும் விறகுக்கும் வெட்டுப்படும் மரம். வெட்ட வெட்டத் துளிர்க்கும். கரும்பில் மறுதாம்பு விடுகிறோமே, அதேதான். வேர் பழசு, தண்டு மட்டும் புதுசு. அது புதிய மரம் ஆகாது. தாத்தா தலைக்குச் சாயம் பூசிக்கொண்டால் பேரன் பிறந்ததாக எழுதுவீர்களா? விதையிலிருந்து முளைத்ததுதான் கன்று. அது வருவதுதான் கஷ்டம். விதையை வண்டு துளைக்கும், லங்கூர் குரங்கு தின்னும், மிஞ்சியது தொழுவத்துக்குக் கூட்டி அள்ளும் சருகோடு போய்விடும். காய்ந்தாலும் செத்துவிடும். தரையில் சருகே இல்லாத காட்டைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். படம் எடுப்பவர்களுக்கோ அதுதான் அழகு!

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? குனியுங்கள். தண்டின் அடியில் விரலால் மண்ணை விலக்குங்கள். பழைய கட்டையில் போய் ஒட்டினால் மறுதாம்பு. தனித் தண்டாக நேரே மண்ணுக்குள் இறங்கினால் கன்று. சின்னதாக இருந்தால் விதையின் ஓடுகூட ஒட்டியிருக்கும். தயவுசெய்து பிடுங்கிப் பார்க்காதீர்கள். ஒருவர் பிடுங்கி என் கையிலேயே கொடுத்தார்.

அப்புறம், கணக்கெடுக்கும் சதுரத்தைச் சாலையோரம் மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். வடக்குச் சரிவும் தெற்குச் சரிவும் வேறு வேறு காடு. டேப்பைச் சரிவோடு படுக்க வைத்து 10 மீட்டர் அளந்தால், 30 டிகிரி சரிவில் மட்டத் தூரமாகக் கிடைப்பது 8.66 மீட்டர்தான். மட்டமாகப் பிடியுங்கள். மரத்தின் சுற்றளவை 1.37 மீட்டர் உயரத்தில், மேட்டுப் பக்கம் நின்று எடுங்கள். தரையில் முளைக்கும் புல் பூண்டுகளைக் கணக்கெடுக்க மழைக்காலம் ஒரு முறையாவது போகவேண்டும், அட்டை கடித்தாலும். காய் விழும் பருவத்தில் கரடியும் வரும். தனியாகப் போகாமல் பேசிக்கொண்டே நடங்கள்.

படிவத்தில் கன்றுக்கு ஒரு கட்டம், மறுதாம்புக்கு ஒரு கட்டம். இரண்டையும் கூட்டி எழுதிய அறிக்கையை இனி நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.