கிரியோ – குலப்பாணர்

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி, கினி, செனகல், காம்பியா நாடுகளில் ஒரு குடும்பத்தின் வம்சாவளியை, முன்னோர் செய்த போர்களை, கொடுத்த கொடைகளை எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்து பாடுகிற பரம்பரைக் கலைஞர்கள் உண்டு. உலகம் அவர்களைக் 'கிரியோ' என்கிறது. பிரெஞ்சு வழியாக வந்த பெயர். கடைசி எழுத்துக்கு அங்கே ஒலி கிடையாது. ஆகவே 'கிரியோட்' என்று எழுத வேண்டாம்.

இதன் வேர் இன்னும் முடிவாகவில்லை. வேலையாளைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல் 'கிரியாடு' திரிந்தது என்கிறார்கள் சிலர். ஒலோஃப் மொழியின் 'கெவெல்', ஃபுலா மொழியின் 'காவ்லோ' ஆகியவற்றோடு இணைப்பவர்களும் உண்டு.

இப்பகுதியின் மாண்டே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் தங்களுக்குள் சொல்வது 'ஜெலி'. காம்பியா பக்கம் 'ஜாலி'. அந்தக் குடும்பத்து மொழியான மனிங்காவில் ஜெலி என்றால் இரத்தம் என்றும் பொருள் உண்டு. பழமையான பெயர் இதுதான். 1352-ல் மாலிக்குப் போன மொராக்கோப் பயணி இப்னு பதூதா இதைக் குறித்து வைத்திருக்கிறார். திருநாளில் பறவை இறகு உடையும் சிவந்த அலகு வைத்த மரத் தலையும் அணிந்த ஜாலிகள் மன்னர் முன் வந்து நிற்கிறார்கள். இந்த ஆசனத்தில் முன்பு இன்னின்னார் இருந்தார்கள், இன்னின்ன நன்மை செய்தார்கள், நீயும் செய் என்கிறார்கள். புகழ்ச்சிக்குள் அறிவுரை, நம் புறப்பாடல்களின் 'செவியறிவுறூஉ' துறை அப்படியே கண்முன் வருகிறது.

அவர்கள் வெறும் பாடகர்கள் அல்லர். கல்யாணம் பேசுவார்கள், பெயர்சூட்டு விழாவில் குலப்பெருமை சொல்வார்கள், பகை மூண்டால் நடுவே போய் சமாதானம் பேசுவார்கள். 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாட்டாவின் காவியத்தில் அவருடைய ஜெலி பாலா ஃபாசேக்கே. கொயாத்தே குடியினர் இந்த ஜெலியின் வழிவந்தவர்கள். அவரோடு தொடர்புடையதாகப் போற்றப்படும் 'சொசோ பாலா' என்ற பலாஃபோனை (மரக்கட்டைகளைத் தட்டி வாசிப்பது) கினியின் நியகசோலாவில் இன்றும் காத்து வருகிறார்கள். 21 நரம்புள்ள கோராவும் ங்கோனியும் இவர்களுடைய மற்ற இசைக்கருவிகள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? இப்போது பலர் எழுதும் 'கதைசொல்லி' போதவே போதாது. கதை யாரும் சொல்லலாம். ஜெலியாக இருக்க அந்தக் குடியில் பிறந்திருக்க வேண்டும். 'சூதர்', 'மாகதர்' (நின்று ஏத்துவோர், இருந்து ஏத்துவோர்) அரசவைப் புகழ்ச்சியோடு நின்றுவிடுகின்றன. 'பாணர்' மிக நெருங்கி வருகிறது: இசைக்கருவி, பரம்பரை, புரவலர், தூது எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரே குறை, சங்கப் பாணர் புரவலரைத் தேடி ஊர் ஊராக நடந்தவர். ஜெலியோ பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு குடிக்குத் தலைமுறை தலைமுறையாக உரியவர். அதனால் 'குலப்பாணர்' என்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

ஜெலிப் பெண்களை அவர்கள் 'ஜெலிமுசோ' என்கிறார்கள். பாட்டில் முன்னிற்பது பெரும்பாலும் இவர்கள்தான். இவர்களுக்குப் 'பாடினி' என்ற பழஞ்சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். மாண்டே மக்களைப் பற்றி மட்டும் எழுதும்போது முதல் இடத்தில் 'ஜெலி' என்று எழுதி, அப்புறம் குலப்பாணர் என்று தொடருங்கள்.