ரத்தம் ஏறியும் அசதி ஏன் இறங்குவதில்லை?

பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார் என் சின்னம்மா. அவருக்கு வந்தது அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா என்னும் ரத்தப் புற்றுநோய். கீமோ ஆரம்பித்த சில வாரங்களில் ஒருநாள் காலை, தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கை உறைக்குள்ளேயே இருந்தது. "தூக்கவே முடியலைடா" என்றார். பத்து மணி நேரம் தூங்கி எழுந்த காலை அது.

பாசாருக்குப் போய் இரண்டு பை தூக்கி வந்தால் நமக்கும் அசதி வரும். ஒரு தூக்கம் போட்டால் போய்விடும். இது அப்படிப் போகாத அசதி. சோம்பலும் இல்லை, மனத்தைரியக் குறைவும் இல்லை. உடம்புக்குள் நடக்கும் சில காரியங்களின் விளைவு.

முதல் காரணம் எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது. நலமாக இருப்பவரின் மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 நாள் உழைத்து, உடலெங்கும் ஆக்சிஜனைச் சுமந்து செல்கிறது. லுக்கேமியாவில், முதிராத வெள்ளையணுக்கள் நாற்றங்காலில் களை மண்டுவதுபோல் மஜ்ஜையை அடைத்துக்கொள்கின்றன. சிவப்பணு முளைக்க இடமில்லை. கீமோ மருந்தும் களையோடு சேர்த்துக் கொஞ்சம் நாற்றையும் அழிக்கும். பெண்களுக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும், சின்னம்மாவுக்கு 7.4 இருந்தது. லிஃப்டிலிருந்து வீட்டு வாசல் வரை நடந்தாலே நெஞ்சு படபடத்தது.

ரத்தம் குறைவு என்றதும் சொந்தக்காரர்கள் முருங்கைக்கீரை சூப்பு, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக் என்று கொண்டுவந்து குவித்தார்கள். அத்தனையும் அன்பு. சூப்பைச் சாப்பாடாகக் குடிக்கலாம், டானிக்தான் கூடாது. இங்கே பொதுவாகக் குறை இரும்பில் இல்லை, இடத்தில். அதோடு, ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்போ ஒரு நாளைக்கு 1, 2 மில்லிகிராம்தான் இழக்கிறது. பல பை ஏற்றியவருக்கு இரும்பு மிஞ்சிப்போய் கல்லீரலிலும் இதயத்திலும் படியலாம். மருத்துவர் சொல்லாமல் இரும்பு மாத்திரை கொடுக்காதீர்கள்.

சரி, ரத்தம் ஏற்றி, சிகிச்சையும் பலித்து, ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டியது. அசதி மட்டும் அப்படியே இருந்தது. வீட்டில் எல்லாரும் குழம்பியது இந்த இடத்தில்தான்.

டெங்கி காய்ச்சலில் படுத்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும்: எழுந்திருக்கப் பிடிக்காது, சாப்பாடு வேண்டாம், யாரும் பேசினாலே எரிச்சல். அப்போது நோய் எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் என்னும் வேதித் தூதுகளை அனுப்பி, "அசையாமல் படு" என்று மூளைக்குச் சொல்கின்றன. ஒரு வாரக் காய்ச்சலுக்கு அது நல்ல ஏற்பாடு. புற்றுநோயிலும் அதன் சிகிச்சையிலும் அதே கட்டளை மாதக்கணக்கில் ஓயாமல் வந்துகொண்டிருக்கலாம். சிலருக்கு நோய் அடங்கிய பிறகும் நீள்கிறது.

அப்புறம் ஸ்டீராய்டு. இந்த வகை லுக்கேமியாவில் பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் இரண்டும் முக்கியமான மருந்துகள். ஆனால் அவை தொடைத் தசையைக் கரைக்கும், ராத்தூக்கத்தையும் கெடுக்கும். சின்னம்மா நாற்காலியின் கைப்பிடியை ஊன்றித்தான் எழுந்தார். அதைப் பார்த்து நாங்கள் "படுத்தே இருங்க" என்றோம். அது தவறு. படுக்கப் படுக்கத் தசை இன்னும் மெலியும். மெலிந்த தசைக்குச் சின்ன வேலையும் பெரும் பாரம்.

புற்றுநோய் அசதிக்கு இதுவரை நன்றாக நிரூபணமான வழிகளில் முதன்மையானது அளவான உடற்பயிற்சி. கேட்க முரணாகத் தெரியும். அசைந்தால்தான் தசை திரும்பும், ராத்தூக்கமும் சீராகும். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்த நாளில் பாரம் தூக்கக்கூடாது, கீழே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் நடையும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம், உடனே மருத்துவமனை.

அசதியை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்வதும் சிகிச்சைதான். "கீமோ போட்டா அப்படித்தான்" என்று பலர் விழுங்கிவிடுகிறார்கள். தைராய்டு குறைவு, வலி, மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் பின்னால் ஒளிந்திருக்கலாம். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொன்னால் மருத்துவருக்குச் சட்டென்று பிடிபடும்.

சின்னம்மா வீட்டுக்கு வெளியே இருக்கும் நடைபாதையில் தொடங்கினார். லிஃப்ட் வரை போய்த் திரும்பினால் ஒரு நடை. சமையலறையில் ஒரு ஸ்டூல் போட்டோம், வெங்காயம் உட்கார்ந்து உரிக்க. குளியலும் சமையலும் ஒரே வேளையில் வராமல் பிரித்துக்கொண்டார். பகல் தூக்கம் அரை மணி நேரத்தோடு சரி. சாமிப்படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் காலண்டரில் தினமும் இரண்டு எண்கள் எழுதுவார்: எத்தனை நடை, எவ்வளவு அசதி. முதல் வாரக் கட்டங்களில் 2, 8 என்றே இருந்தது. போன வாரக் கட்டமொன்றில் 9, 5 என்று எழுதி, கீழே சின்ன எழுத்தில் "தலையணை உறை மாத்தினேன்" என்று சேர்த்திருந்தார்.