நிரந்தர ஆவணத்துக்கு எத்தனை ஆண்டு?

ஆவண மேலாண்மை மென்பொருளில் ஓர் ஆவணத்தை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்ற தக்கவைப்புக் காலத்தைக் கேட்கும் கட்டத்தில், நிரந்தர ஆவணங்களுக்கு 999 ஆண்டுகள் என்று நிரப்பினால் போதாதா என ஒரு வாசகர் கேட்டிருந்தார். போதாது.

தக்கவைப்புக் காலம் ஒரு கூட்டல் கணக்கு. ஒப்பந்தம் முடிந்த நாளோடு 7 ஆண்டுகளைக் கூட்டினால் அழிப்பு நாள் கிடைத்துவிடும். கட்டடம் இடிக்கப்படும் வரை வைத்திருக்க வேண்டிய வரைபடம் நூறாண்டைத் தாண்டினாலும் நிரந்தர ஆவணம் ஆகாது. அதற்கும் ஒரு முடிவு உண்டு. நிரந்தரம் என்பதோ முடிவு நாளே இல்லாத நிலை. 999 என்று எழுதியதும் அழிப்பு நாள் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. கட்டத்தை வெறுமையாக விடுவதும் தவறு. இன்னும் முடிவெடுக்காத ஆவணத்துக்கும் அதே வெறுமைதான் அடையாளம். ஆகவே நிரந்தரத்தைத் தனி வகையாகவே பதிய வேண்டும். அந்த வகைக்கு அழிப்பு நாள் கிடையாது. கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க, திரும்பத் திரும்ப வரும் சரிபார்ப்பு நாள் உண்டு.

அந்தச் சரிபார்ப்புதான் எனக்கு என்றும் வியப்பூட்டுவது. எழுத்துகளையும் இலக்கங்களையும் 0, 1 என்ற பிட்டுகளாக எழுதும் ஆஸ்கி குறியீட்டில் 1 என்ற இலக்கம் 00110001. 9 என்பது 00111001. ஒரேயொரு பிட்தான் வேறுபாடு. சேமிப்பில் அந்த ஒரு பிட் பிசகினால், அளவைப் பதிவிலுள்ள 1 மீட்டர் 9 மீட்டராகிவிடும். கோப்பு வழக்கம்போலத் திறக்கும், யாருக்கும் ஐயம் எழாது. இங்கேதான் எஸ்.எச்.ஏ-256 என்ற ஹாஷ் முறை கைகொடுக்கிறது. அது கோப்பை 512 பிட் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் 64 சுற்றுகள் சுழற்றியும் கூட்டியும் கலக்கி, இறுதியில் ஹாஷ் எனப்படும் 256 பிட் கைரேகை ஒன்றைத் தருகிறது. இப்படிக் கலக்குவதால் ஒரு மூலையில் நேர்ந்த பிசகு எங்கும் பரவி, கைரேகையில் ஏறத்தாழப் பாதி பிட்டுகளை மாற்றிவிடுகிறது. ஆவணத்தை ஏற்ற நாளில் கணக்கிட்ட ஹாஷைத் தனியிடத்தில் வைத்து, ஒவ்வொரு சரிபார்ப்பு நாளிலும் புதிதாகக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். ஹாஷ் பிசகைக் காட்டிக்கொடுக்குமே தவிரத் திருத்தித் தராது; திருத்துவதற்கு, பழைய ஹாஷோடு ஒத்துப்போகும் இன்னொரு படி வேறோர் இடத்தில் இருந்தாக வேண்டும்.

ஸ்கேன் செய்ய ஒருமுறை தாராளமாக நிதி ஒதுக்கிவிட்டு, ஆண்டுதோறும் நடக்க வேண்டிய இந்த வேலைக்கு ஒதுக்கத் தயங்குவது எனக்குப் பெரும் வருத்தம். நிரந்தரம் என்று விதி எழுதும்போதே, சரிபார்ப்பவர் யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எத்தனை படிகள், அவை எங்கெங்கே என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கேள்வி கேட்ட வாசகர் 999ஐ அடித்துவிட்டு, முதல் சரிபார்ப்புக்கான நாளைக் குறித்துக்கொள்ளட்டும்.