புதுக் கேமராவைப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள்

பொங்கல் லீவு முடிந்ததும் எங்கள் சர்வீஸ் கடையில் வருடா வருடம் ஒரே கதைதான். இந்தத் தடவை மூன்று நாளில் ஐந்து லென்ஸ் வந்தன. ஐந்திலும் பூஞ்சை. கடைப் பாஷையில் ஃபங்கஸ். கடைசியாக வந்தவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்தபோது, இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

அவருக்கு முப்பது வயது இருக்கும். மிரர்லெஸ் கேமரா, அதோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ், ஆசைப்பட்டுத் தனியாக வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். மகள் பிறந்தபோது வாங்கியது. பிள்ளையைத் தொட்டிலில் போட்ட அன்று எடுத்த படங்களைப் போனில் காட்டினார். நன்றாகவே எடுத்திருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூங்கும் முகம், தொட்டில் கயிற்றைப் பிடித்திருக்கும் பாட்டியின் கை. அத்தோடு கேமரா உள்ளே போய்விட்டது. ஒன்றரை வருடம் கழித்து இந்தப் பொங்கலுக்குத்தான் வெளியே எடுத்திருக்கிறார். எல்லாப் படமும் புகை மூட்டம் போட்டதுபோல வெளுத்து வந்திருக்கிறது.

"பீஸே டிஃபெக்ட் போல இருக்கு சார். நான் யூஸ்கூடப் பண்ணல. அவ்வளவு பத்திரமா வச்சிருந்தேன்."

லென்ஸைக் கழற்றி, பின்பக்கமாக டார்ச் அடித்துக் காட்டினேன். உள்கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுப்பகுதி வரை, சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல்கள் கிளை விட்டிருந்தன. "ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்லையே சார்" என்றார். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். கேமராவோடு கொடுத்த பையில் போட்டு, அதை ஒரு வெல்வெட் துணியில் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால். பக்கத்தில் நாலு அந்துருண்டை. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "பாப்பா கை பட்டுடுமேன்னுதான் சார்" என்றார்.

எனக்குக் கோபமும் வருத்தமும் சேர்ந்தே வந்தன. அவர்மேல் இல்லை. விற்கும்போது யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

சரி, நான் இங்கே ஒரே விஷயத்தைத்தான் சொல்லப்போகிறேன். எத்தனை தடவை சொன்னாலும் பரவாயில்லை. மூடி வைப்பது பாதுகாப்பு இல்லை. கேமராவை வெளியே எடுத்தால் கெடும், உள்ளே வைத்தால் நன்றாக இருக்கும் என்ற நினைப்பு நகைக்குப் பொருந்தும், பாத்திரத்துக்குப் பொருந்தும், லென்ஸுக்குப் பொருந்தாது. பூஞ்சையின் வித்து காற்றில் எங்கும் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்த லென்ஸுக்குள்ளும் இருக்கும். அது முளைக்க ஈரம் வேண்டும், தின்பதற்குக் கொஞ்சம் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் வேண்டும். இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் அதற்கு இன்னும் வசதி. தண்ணீர் ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் சில நாள் தொடர்ந்து நின்றால் போதும். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது நாள்கணக்கில் 80-ஐத் தாண்டி நிற்கிறது. பாத்ரூம் சுவரை ஒட்டி நிற்கும் பீரோவுக்குள் கேட்கவே வேண்டாம். மழைக்காலத்தில் அதே பீரோவில் தொங்கும் தோல் பெல்ட்டில் வெள்ளை பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெல்ட்டைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறோம். லென்ஸுக்குள் கை போகாது.

இந்த வேலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஃபிலிம் கேமராக்களையும் பிரித்திருக்கிறேன். நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். கல்யாணப் படம் எடுப்பவர்களின் லென்ஸ் அடிபட்டு, பெயின்ட் உதிர்ந்து, ரப்பர் கழன்று வரும். உள்ளே பார்த்தால் கண்ணாடி சுத்தமாக இருக்கும். தினமும் வெளிச்சத்துக்கு வருகிறது, ஜூமைத் திருப்பத் திருப்ப உள்ளே காற்று போய் வருகிறது. ஒரு கீறல்கூட இல்லாமல், பெட்டி வாசனையோடு வரும் லென்ஸைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

"நிறைய எடுத்தா ஷட்டர் போயிடுமே" என்று சிலர் கேட்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரைதான் ஷட்டர். போகும், எப்போது என்று பாருங்கள். தொடக்கநிலை மாடல்களிலேயே ஷட்டரைப் பெரும்பாலும் 1 லட்சம் தடவைக்குக் கணக்கிட்டுத்தான் செய்கிறார்கள். தினமும் 30 படம் எடுத்தால் அந்தக் கணக்கு முடிய 9 வருடம் ஆகும். அப்புறமும் ஷட்டரை மாற்றிக்கொள்ளலாம், அது எங்களுக்கு வழக்கமான வேலை. பூஞ்சைக்கு ஒரு மழைக்காலம் போதும்.

பூஞ்சை ஒரு அமிலத்தைக் கக்கும். அது கண்ணாடியின் மேல் பூசியிருக்கும் மெல்லிய பூச்சை அரித்துவிடும். சீக்கிரம் கொண்டுவந்தால் துடைத்து எடுத்துவிடலாம். நாளாகிவிட்டால் பூஞ்சை போனாலும் தடம் போகாது. இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த பகுதிக்கு நடுவே புகுந்துவிட்டால் நாங்களும் ஒன்றும் செய்ய முடியாது. வாரண்டியும் பொதுவாக இதற்குக் கிடைக்காது. அதே சமயம், உள்ளே இரண்டு தூசி தெரிகிறது என்று பதறி ஓடி வராதீர்கள். தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

எப்படி வைப்பது என்றால், வசதி இருந்தால் ஈரம் உறிஞ்சும் மின்சாரப் பெட்டி, அதாவது டிரை கேபினெட் வாங்குங்கள். இரண்டு மூன்று லென்ஸ் வைத்திருப்பவருக்கு அது வீண் செலவு இல்லை. முடியாவிட்டால் ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்கட்டும். ரொம்பவும் வறண்டு 30-க்குக் கீழே போவதும் லென்ஸுக்கு நல்லதில்லை. செருப்புப் பெட்டியில் வந்த குட்டிப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு "ஜெல் போட்டிருக்கேனே" என்று சொல்லாதீர்கள். அது உங்கள் வீட்டுக்கு வரும்போதே ஈரம் குடித்து முடித்திருக்கும். நிறம் மாறும் ஜெல்லாக 200 கிராம் வாங்குங்கள். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது விஷம், பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். ஆரஞ்சு வாங்குங்கள். பச்சையாக மாறினால் 120 டிகிரி ஓவனில் ஒன்றிரண்டு மணி நேரம் காய வைத்துத் திரும்பப் போடலாம். சமையலுக்கு வைத்திருக்கும் தட்டில் மட்டும் வேண்டாம்.

டப்பாவுக்குள் அரிசி போடாதீர்கள். அரிசி மாவுத்தூசி லென்ஸுக்குள் போய் நாங்கள் படும் பாடு தனி. அந்துருண்டை, கற்பூரம் இரண்டும் கூடவே கூடாது. இது என் சொந்தக் கருத்து இல்லை, நிக்கான் தன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. மாதம் ஒரு தடவையாவது கேமராவை வெளியே எடுத்து, ஆன் செய்து, சில படம் எடுத்துவிட்டு வையுங்கள் என்பதும் அங்கேயே இருக்கிறது. கேமராப் பை தூக்கிக்கொண்டு போகத்தான், குடி வைப்பதற்கு இல்லை. அதன் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பூஞ்சை வந்தபின் வெயிலில் காய வைக்கும் யோசனையை எங்கிருந்து பிடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி. நேர் வெயிலில் வைத்தால் உள்ளே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் தகடு உருகலாம், பக்கத்தில் இருக்கும் துணி பற்றிக்கொள்ளலாம். வளர்ந்த பூஞ்சை அப்படியே இருக்கும். வீடியோவைப் பார்த்து ஸ்க்ரூ டிரைவர் எடுக்கவும் வேண்டாம், தயவுசெய்து. பிரிப்பது சுலபம். கண்ணாடியை அதே மையத்தில் திரும்ப உட்கார வைப்பதுதான் எங்கள் தொழில். எந்த மருந்தால் துடைக்கிறோம் என்று பலர் கேட்கிறார்கள். வீட்டில் முயன்று பார்ப்பார்கள் என்பதால் அதை எழுதப் போவதில்லை.

இன்னும் சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் பனித்துப்போகும். அப்போது கழற்றி மாட்டாதீர்கள், துடைத்துக்கொண்டும் நிற்காதீர்கள். ஏசிக்குள் இருக்கும்போதே ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து இருபது முப்பது நிமிடம் கழித்துத் திறங்கள். கண்ணாடியை வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும், பூஞ்சைக்கு அதுவே சாப்பாடு. ரப்பர் ப்ளோயர் வாங்குங்கள். கடற்கரைக்குப் போய் வந்தால் முதலில் ப்ளோயரால் ஊதி மணலைப் போக்கிவிட்டு, அப்புறம் துணியை எடுங்கள். மணலோடு துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். உப்புக் காற்றுப் பட்ட கேமராவின் மேல்பாகத்தை லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் டப்பாவில் வையுங்கள். லென்ஸ் மாற்றும்போது கேமராவின் வாய் தரையைப் பார்த்து இருக்கட்டும். சட்டை நுனியால் துடைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இவ்வளவையும் கேட்டுப் பயந்து மறுபடி உள்ளே வைத்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். தினமும் எடுங்கள். "எதை எடுக்கறது சார், டூர் போனாத்தானே" என்பார்கள். காலை ஏழு மணிக்குச் சமையலறை ஜன்னலில் விழும் வெயிலில் இட்லிப் பானையின் ஆவியைப் பாருங்கள். மார்கழியில் வாசலில் கோலம் போடும் அம்மாவின் விரல் இடுக்கிலிருந்து மாவு விழுவதை எடுங்கள். மொட்டை மாடியில் காயும் வற்றல், தெருமுனை டீக்கடையில் ஆற்றும் டீ, மழை பெய்து முடிந்த தெருவில் தெரியும் தெருவிளக்கு என்று எத்தனையோ இருக்கிறது. 18-55 இதற்கெல்லாம் தாராளமாகப் போதும், அதைக் குறைவாக நினைக்காதீர்கள். 50 எஃப் 1.8 வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். படம் பதியும் சென்சார் சின்னதாக இருக்கும் கேமராக்களில் அது 75, 80 மி.மீ. போல நெருக்கிக் காட்டும். சின்ன ஹாலில் பின்னால் நகர இடம் இருக்காது. முகங்களுக்கு அருமையாக இருக்கும். வீட்டுக்குள் முழு ஆளும் வர வேண்டும் என்றால் 35 மி.மீ. வசதி. ஓடும் பிள்ளையை எடுக்க ஷட்டர் 250-ல் ஒரு பங்கு நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும், ஐ.எஸ்.ஓ.வை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, ஆட்டோவில் விட்டுவிடுங்கள். படத்தில் கொஞ்சம் மணல் மணலாகப் புள்ளி தெரிந்தால் தெரியட்டும். ஆடிப்போன முகத்தை எதுவும் சரிசெய்யாது.

அவருடைய 50 மி.மீ. லென்ஸில் பூஞ்சை ஒட்டுக் கண்ணாடிக்குள் போகவில்லை. சுத்தமாக எடுத்துவிட்டேன், ஓரத்தில் ஒரு தடம் மட்டும் நிற்கிறது, படத்தில் வராது. 18-55 லென்ஸில் பூச்சு அரித்துவிட்டது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் படம் வெளுக்கும், மற்றபடி ஓடும். அதை அவரிடம் சொன்னபோது அவர் லென்ஸைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தொட்டில் படத்துக்கும் பொங்கல் படத்துக்கும் நடுவே, மகள் குப்புற விழுந்தது, தவழ்ந்தது, முதல் அடி வைத்தது எதுவும் இந்தக் கேமராவில் இல்லை என்றார். போனில் சில வீடியோ இருக்கிறதாம், ராத்திரி வெளிச்சத்தில் எடுத்தவை.

லென்ஸ்களை வாங்க சனிக்கிழமை வந்தார். மகளும் கூட வந்திருந்தாள். மீட்டரையும் டப்பாவையும் எங்கே வாங்குவது என்று சொன்னேன். ஹாலில் டிவிக்கு மேலே இருக்கும் அலமாரித் தட்டில் வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம், கை எட்டும் இடம்தான் நல்லது என்றேன். ஸ்ட்ராப்பை மட்டும் சுருட்டி உள்ளே வைக்கச் சொன்னேன். கீழே தொங்கினால் பிள்ளை இழுத்துவிடும்.